தானே அச்சிடும் ஆசிரியன்

தம் நூலைத் தம் சொந்தச் செலவிலேயே அச்சிட்டு வெளியிடும் ஆசிரியர்களின் தொகை தமிழ்நாட்டில் பெருகி வருகிறது. முன்காலத்தில் ஆயிரம் பிரதிக்குக் குறைந்து அச்சிடுவது கட்டுபடியாகாது. இன்று ஐம்பது பிரதி வேண்டுமென்றாலும் அச்சிட்டுத் தர யந்திரம் இருக்கிறது. காகிதமே இல்லாமல் கிண்டில் முதலிய மின்னூல் சாதனங்களின் வழியாக நூலை உலகெங்கும் அனுப்பவும் வழி இருக்கிறது. ஆதலால் அச்சேறுவது இப்போது பெரிய காரியமல்ல. அச்சேறிய பிறகுதான் ஆசிரியனுக்குச் சங்கடம் ஆரம்பமாகிறது.

அவன் மனத்தில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் இரண்டு. “என் எழுத்தை இன்னொருவர் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லலாமா? திருத்தினால் அது என் எழுத்தாகவே இருக்குமா?” என்பது ஒன்று. “என் நூலுக்காக நாலு பேரிடம் பேச, பிரசுரகர்த்தர்களிடம் பேரம் செய்ய, எனக்கு ஒரு பிரதிநிதி கிடைப்பானா? கிடைத்தால் அவனை நம்பலாமா?” என்பது மற்றொன்று. இவை கதை எழுதுவோருக்கு மட்டும் உரிய கவலைகள் என்று தேசத் தொண்டர்கள் எண்ணிவிடக் கூடாது. போராட்ட நினைவுகளையும், சிறைக் குறிப்புகளையும், தத்தம் ஊர்ச் சரித்திரத்தையும் கைப்பணம் போட்டு அச்சிடுவோரில் பெரும் பகுதியினர் அவர்களே. அந்த நூல்கள் செம்மையாக வெளிவந்து ஜனங்கள் கைக்குப் போய்ச் சேர்கின்றனவா, அல்லது வீட்டுப் பரணில் கட்டுக் கட்டாகக் கிடந்து செல்லரிக்கின்றனவா என்பது பொதுநன்மையைப் பாதிக்கும் விஷயம். ஆகவே இதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

பழைய வழக்கம்

தானே வெளியிடுவது இழிவு என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ புகுந்திருக்கிறது. பிரசுராலயம் ஒன்று ஏற்றுக்கொண்டால்தான் நூல், இல்லாவிட்டால் அது வெறும் ஆசை என்று சிலர் பேசுகிறார்கள். தமிழின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சீவக சிந்தாமணியைப் பரிசோதித்து 1887-இல் அச்சிட்டார். அதற்கு முன்பே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ் பெற்றிருந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, சிந்தாமணியைத் தாம் வெளியிடுவதாகக் கேட்டும் ஐயர் இசையவில்லை. தாம் உழைத்த நூல் தம் பெயராலேயே வெளிவர வேண்டுமென்று உறுதியாக நின்றார். பிரதிகளை வாங்கிக்கொள்வதாகப் பிரபுக்களிடமும் நண்பர்களிடமும் முன்கூட்டியே கையொப்பம் வாங்கி, அச்சுக்கூடத்துக்கும் காகிதக் கடைக்கும் பணம் திரட்டினார். விடுமுறைகளில் சென்னைக்கு வந்து புரூப் பார்த்தார். இன்று பெசன்ட் நகரில் அவர் பெயரால் நிற்கும் நூல் நிலையத்தில் ஏட்டுச் சுவடிகளைக் காண்போர், அந்தச் செல்வத்தின் தொடக்கத்தில் ஒரு தனி மனிதரின் கையொப்பப் புத்தகம் இருந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் தானே வெளியிடுவதை அங்கீகரித்த அதே மரபு, தானே முடிவு கட்டிக்கொள்வதை அங்கீகரிக்கவில்லை. நூல் செய்தவன் அதை அறிஞர் அவையில் படித்துக் காட்டி, தடைகளுக்கு விடை சொல்லி, ஒப்புதல் பெற்ற பிறகே அது நூலாயிற்று. அதற்கு அரங்கேற்றம் என்று பெயர். தொல்காப்பியமே நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பாயிரம் கூறுகிறது. தொல்காப்பியருக்கு வேண்டியிருந்தது நமக்கு வேண்டாமென்று சொல்லத் துணிவோர் யார்? கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மிகைபடக் கூறல் முதலியவற்றைக் குற்றங்கள் என்று பெயரிட்டு வகுத்தவர்கள் நம் இலக்கணக்காரர்கள். இக்குற்றங்கள் எழுதியவன் கண்ணுக்குப் புலப்படா. கேட்பவன் காதுக்கே புலப்படும். ஆகையால்தான் அவை வேண்டும் என்று வைத்தார்கள்.

மயிலாப்பூரில் ஓர் அச்சுக்கூடம்

தானே வெளியிடும் ஆசிரியனின் வலிமையையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டும் சரித்திரம் மயிலாப்பூரிலேயே இருக்கிறது. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் சரித்திரம் அது.

1872-இல் திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளத்தில் பிறந்த மாதவையா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, சர்க்கார் உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். 1892-இல் விவேக சிந்தாமணிப் பத்திரிகையில் சாவித்திரி சரித்திரம் என்ற கதையைத் தொடங்கினார். பெண்களின் துயரை ஒளிக்காமல் சொன்ன அக்கதை, சில அத்தியாயங்களுக்குப் பிறகு நின்றுபோயிற்று. அதுவே பின்னர் 1903-இல் முத்துமீனாட்சி என்ற பெயருடன் நூலாக வெளிவந்தது. பிறர் பத்திரிகையில் எழுதுபவனுக்குப் பாதி வழியில் கதவு சாத்தப்படலாம் என்பதை இளம் வயதிலேயே கண்டவர் அவர்.

உத்தியோகத்தை விட்ட பிறகு மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், ‘பெருங்குளம் ஹவுஸ்’ என்ற தம் இல்லத்தில் குடியிருந்து சொந்த அச்சுக்கூடம் வைத்தார். ஆசிரியர் நூற்பதிப்புக் கழகம் என்பது அவர் பிரசுர ஸ்தாபனத்தின் பெயர். அப்பெயரிலேயே அவருடைய கொள்கை விளங்குகிறது. நூலை வெளியிடும் அதிகாரம் ஆசிரியனுக்கு உரியது என்பதே அது. 1924-இல் பஞ்சாமிர்தம் என்ற பத்திரிகையையும் தொடங்கினார். எழுதுவோரும், திருத்துவோரும், அச்சிடுவோரும், விற்போரும் ஏறக்குறைய அவர் ஒருவரே. விதவையின் துயர், பெண் கல்வி, ஜாதிக் கொடுமை முதலியவற்றைப் பற்றி எந்த முதலாளியின் தயவுக்கும் காத்திராமல் எழுத முடிந்தது.

1925 அக்டோபர் 22-ஆம் தேதி சென்னைச் சர்வகலாசாலையின் செனட் சபையில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமென்று வாதாடிய அன்றே, அச்சபையிலேயே அவர் உயிர் பிரிந்தது. பஞ்சாமிர்தமும் அவரோடு முடிந்தது. அதில் எழுதத் தொடங்கியிருந்த பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகம் முற்றுப்பெறாமலே நின்றது. தனி ஒருவனுடைய அச்சுக்கூடத்தில் சுதந்திரம் உண்டு, ஆயுள் இல்லை. அதே மயிலாப்பூரில் 1901-இல் குப்புசாமி ஐயர் தொடங்கிய அல்லயன்ஸ் கம்பெனி, நிறுவியவரின் காலம் கடந்து இன்றும் நூல் வெளியிட்டு வருகிறது. ஸ்தாபனம் என்பதன் பயன் இதுதான்.

மாதவையாவின் வாழ்க்கையில் இன்னொரு பாடமும் உண்டு. ‘ஒரு முறை உள்ளூரில் அச்சிட்டுவிட்ட நூலைப் பெரிய பிரசுராலயம் ஏறெடுத்துப் பார்க்குமா?’ என்பது இன்றைய ஆசிரியர்களின் ஓயாத கேள்வி. அவர் ஆங்கிலத்தில் எழுதிய தில்லை கோவிந்தன் 1903-இல் சென்னையில், அவர் பெயரைத் தாங்காமல் புனைபெயரோடு வெளிவந்தது. பதின்மூன்று வருஷங்கள் கழித்து, 1916-இல், லண்டனில் பிஷர் அன்வின் கம்பெனியார் அதை வெளியிட்டார்கள். முதற் பதிப்பு எளியதாக இருந்தது இரண்டாம் பதிப்புக்குத் தடையாகவில்லை. ஆகவே சொந்தப் பதிப்பு என்பது நூலுக்கு வாய்க்கரிசி போடுவதாகாது. ஆனால் பிழைகள் மலிந்த சொந்தப் பதிப்பு, அடுத்த கதவைத் தட்டும்போது ஆசிரியனுக்கு எதிரான சாட்சியாக நிற்கும் என்பதையும் மறக்கலாகாது.

பாரதியார் போட்ட கணக்கு

பிரதிநிதி என்ற விஷயத்துக்கு வருவோம். தமிழ் எழுத்தாளனுக்காகப் பேசிய முதல் ‘ஏஜெண்டு’ யார் என்று கேட்டால், நண்பன் என்றே விடை சொல்ல வேண்டும். 1907-இல் ஜி. ஏ. நடேசன், சுப்பிரமணிய பாரதியாரை மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரிடம் அழைத்துச் சென்றார். ஐயர் மிதவாதி, பாரதியார் தீவிரவாதி. அரசியலில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆயினும் பாடல்களைக் கேட்டு மனமுருகிய ஐயர், அவற்றைத் தம் செலவில் பதினையாயிரம் பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். கமிஷன் கேட்காத நண்பர் ஒருவரும், கட்சி பாராத ரஸிகர் ஒருவரும் சேர்ந்ததால் அது நடந்தது.

ஆனால் அத்தகைய சந்தர்ப்பம் ஒவ்வொரு நாளும் வாய்ப்பதில்லை. 1920-இல் கடையத்திலிருந்து பாரதியார் நண்பர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தம் கையெழுத்துப் பிரதிகளை நாற்பது புத்தகங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் அச்சிடுவது, ஆரம்பச் செலவுக்கு இருபதினாயிரம் ரூபாய் வேண்டும், நண்பர்கள் ஆளுக்கு நூறு ரூபாயேனும் கடனாகத் தர வேண்டும் என்பது திட்டம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலப் புத்தகம் வீடு தோறும் விலைப்பட வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டார். மொத்தம் நான்கு லட்சம் பிரதிகள்! இன்றைய தமிழ்ப் பிரசுரகர்த்தர்களையும் மலைக்க வைக்கும் கணக்கு இது. எதிர்பார்த்த பணம் வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் பாரதியார் காலமானார்.

பின்னால் நடந்ததை ஒவ்வோர் ஆசிரியனும் அறிந்திருக்க வேண்டும். விதவையான செல்லம்மாள், பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் 1922-இல் கணவரின் பாடல்களை வெளியிடத் துணிந்தார். அம்முயற்சி நீடிக்கவில்லை. பாரதியாரின் தம்பி விசுவநாதன் முதலியோர் நடத்திய பாரதி பிரசுராலயம் நூல்களை வெளியிட்டு வந்தது. 1928-இல் சர்க்கார் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்த கஷ்டத்தையும் அதுவே தாங்கிற்று. 1931-இல் நூல்களின் உரிமை நாலாயிரம் ரூபாய்க்குக் குடும்பத்தாரிடமிருந்து கைமாறியது. இசைத்தட்டு உரிமை தனியே விலைபோய், சினிமா முதலாளி ஏ. வி. மெய்யப்பன் கையில் சேர்ந்தது. தேசமெல்லாம் பாடிய பாட்டைச் சினிமாவில் பாட ஒருவர் அனுமதி கேட்க வேண்டிய நிலைமை உண்டாயிற்று. நாட்டில் கிளர்ச்சி எழுந்த பிறகு, 1949-இல் சென்னை சர்க்கார் உரிமையை மேற்கொண்டு, 1955-இல் அதைப் பொதுவுடைமையாக்கிற்று.

இதில் யார் மீதும் பழி சுமத்துவது நம் நோக்கமன்று. பாரதி பிரசுராலயத்தார் செய்த தொண்டு பெரிது. நாம் சொல்ல விரும்புவது வேறு. கவியின் ஜீவிய காலத்திலேயே, அவருடைய எழுத்தின் விலையை அறிந்து, ஒப்பந்தம் எழுதி, கணக்கு வாங்கிக் கொடுக்க ஒரு நம்பிக்கையான பிரதிநிதி இருந்திருந்தால், அக்குடும்பம் அவ்வளவு மலிவாக உரிமையைக் கொடுக்க நேர்ந்திருக்குமா? மேதைக்குக் கணக்குப் பிள்ளை தேவையில்லை என்று நினைப்பது மேதைக்குச் செய்யும் துரோகம்.

திருத்தம் என்பது என்ன?

இனித் திருத்தத்தைப் பற்றிய சந்தேகம். இதற்குப் பாதிக் காரணம் சொற்குழப்பம். ஆங்கிலத்தில் ‘எடிட்டர்’ என்ற ஒரு சொல்லால் குறிக்கப்படுவோர் தமிழில் பத்திராதிபர், பதிப்பாசிரியர், மெய்ப்புத் திருத்துவோர் என்று பலராகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தவரும் பதிப்பாசிரியர். ஒற்றுப்பிழை பார்ப்பவரும் பதிப்பாசிரியர் என்று அச்சாகிறது. ஆகவே ‘எடிட்டிங்’ என்றவுடன் ஆசிரியன் சந்திப்பிழை திருத்துவதையே நினைக்கிறான். அதற்கு மேல் யாரேனும் கை வைத்தால் திடுக்கிடுகிறான்.

உண்மையில் வேலைகள் மூன்று. நூலின் கட்டுக்கோப்பைப் பார்த்து, எந்த அத்தியாயம் முன்னே வர வேண்டும், எது மிகை, எங்கே விவரம் போதவில்லை என்று சொல்வது முதல் வேலை. வாக்கியம் வாக்கியமாகச் சென்று, பொருள் மயங்கும் இடத்தையும், வருஷமும் பெயரும் முன்பின் முரணும் இடத்தையும் எடுத்துக் காட்டுவது இரண்டாவது. அச்சுப்பிழை களைவது மூன்றாவது. கடைசி வேலையை மட்டும் செய்துவிட்டு நூல் திருந்திவிட்டதென்று எண்ணுவது, இடிந்த சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது.

‘திருத்தினால் என் குரல் போய்விடுமே’ என்று அஞ்சுவோருக்கு ஓர் உதாரணம் சொல்வோம். ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றிய டி. எஸ். எலியட்டின் பாழ்நிலம் 1922-இல் வெளிவந்தது. அதன் கையெழுத்துப் பிரதியில் எஸ்ரா பவுண்ட் பக்கம் பக்கமாகக் கோடு கிழித்துத் தள்ளியிருக்கிறார். அப்பிரதி 1971-இல் அச்சானபோது உலகம் அதைக் கண்டது. எலியட்டின் குரல் அதனால் போய்விடவில்லை, தெளிவாகக் கேட்டது. எலியட் அந்நூலைப் பவுண்டுக்கே காணிக்கையாக்கினார்.

நம் சென்னையிலும் சான்று இருக்கிறது. 1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 2020-இல் மறையும் வரையில், ஆசிரியரோடு அமர்ந்து வரி வரியாக விவாதிப்பதையே பிரசுரத் தொழிலின் உயிராகக் கருதினார். இமையத்தின் முதல் நாவலான கோவேறு கழுதைகள் 1994-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. கிராமத்து வண்ணார் குடும்பத்தின் பேச்சும் மணமும் அந்நாவலில் ஒரு சிறிதும் குறையவில்லை. நல்ல திருத்துவோன் ஆசிரியனின் பாஷையைத் தன் பாஷையாக்க மாட்டான். ஆசிரியனை அவனுடைய பாஷைக்கே உண்மையாக இருக்கச் செய்வான். அப்படிச் செய்யத் தெரியாமல், வட்டார வழக்கையெல்லாம் செந்தமிழாக்கிக் கொடுப்பவனுக்குப் பணம் கொடுப்பதைவிடக் கொடாதிருப்பதே மேல்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். சி. சு. செல்லப்பா தேச விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1959-இல் எழுத்து என்ற பத்திரிகையைத் திருவல்லிக்கேணியிலிருந்து தொடங்கி, தமிழில் புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் இடம் கொடுத்தார். எழுத்து பிரசுரத்தின் புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். எண்பது வயது கடந்த பின்னர், காந்தியுகத்தைச் சித்திரிக்கும் சுதந்திர தாகம் என்ற பெரிய நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். 1998-இல் அவர் மறைந்தார். 2001-ஆம் வருஷத்து சாகித்திய அகாதெமிப் பரிசு அந்நாவலுக்கு அளிக்கப்பட்டது. அவர் காத்திருந்திருந்தால் அந்நூல் ஒருகால் வெளிவந்தே இராது. ஆயினும், அவ்வளவு பெரிய நூலை அவருடைய தகுதிக்கு ஒத்த ஒரு திருத்துவோர் பக்கத்தில் இருந்து செம்மை செய்து, ஒரு ஸ்தாபனம் தோள் கொடுத்து விற்றிருந்தால், இன்னும் எத்தனை ஆயிரம் இளைஞர் அதைப் படித்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அந்த முதியவரின் தோளில் இருந்த மூட்டை தமிழ்ச் சமூகம் சுமந்திருக்க வேண்டிய மூட்டை.

ஏஜெண்டு யார், தரகன் யார்?

இங்கிலாந்தில் ஆசிரியர்களுக்காகப் பிரசுரகர்த்தர்களிடம் பேசும் தொழிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஏ. பி. வாட் என்பவர் நிலைநாட்டினார். ஆசிரியனுக்கு வரும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. வருமானம் இல்லையேல் பங்கும் இல்லை. இன்று மேல்நாடுகளில் அது பெரும்பாலும் நூற்றுக்குப் பதினைந்தாக உயர்ந்திருக்கிறது, தத்துவம் மாறவில்லை. ஆசிரியனுக்கு லாபம் வந்தால்தான் ஏஜெண்டுக்கு லாபம் என்பதே அத்தொழிலின் நேர்மை.

சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயணன் இதற்கு நல்ல உதாரணம். அவருடைய முதல் நாவல் லண்டனில் கதவு கதவாகத் திரும்பியது. ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் அதைக் கிரகாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் படித்து மகிழ்ந்து, பிரசுரகர்த்தரைத் தேடிக் கொடுத்தார். தலைப்பை மாற்றச் சொன்னார். ஆசிரியர் பெயரையும் சுருக்கச் சொன்னார். 1935-இல் சுவாமியும் சிநேகிதர்களும் வெளிவந்தது. பின்னர் டேவிட் ஹையம் என்ற ஏஜெண்டு நாராயணனுக்காக நெடுங்காலம் பேசினார். அதே நாராயணன், யுத்த காலத்தில் லண்டன் தொடர்பு அறுந்தபோது மைசூரில் இந்தியன் தாட் பப்ளிகேஷன்ஸ் என்ற சொந்தப் பிரசுராலயத்தை நிறுவித் தம் நூல்களைத் தாமே வெளியிட்டார். ஏஜெண்டு வைத்துக்கொள்வதும், தானே வெளியிடுவதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பது இதனால் விளங்கும். இந்தியப் பதிப்புக்குத் தாமே முதலாளி. அயல்நாட்டுப் பதிப்புக்குப் பிரதிநிதி. இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு வேறென்ன?

தமிழில் இத்தொழில் இன்னும் வேரூன்றவில்லை. காரணம் வெளிப்படை. ஆயிரம் பிரதிகள் விற்பதற்கே வருஷங்கள் ஆகும் சந்தையில், ஆசிரியனுக்குக் கிடைக்கும் ராயல்டியில் பத்தில் ஒரு பங்கு எவனுக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போதாது. டில்லி, ஜெய்ப்பூர், பெங்களூர் முதலிய இடங்களிலுள்ள ஏஜெண்டுகள் பெரும்பாலும் ஆங்கில நூல்களையும் மொழிபெயர்ப்புகளையுமே கவனிக்கிறார்கள். 2023 ஜனவரியில் தமிழ்நாட்டு சர்க்கார் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சர்வதேசப் புத்தகக் காட்சி நடத்தி, தமிழ் நூல்களை அயல்மொழிகளுக்குக் கொண்டுசெல்ல மானியமும் அறிவித்தது. இலக்கிய ஏஜெண்டுகளைப் பயிற்றுவிக்கும் முயற்சியும் அதையொட்டி நடந்தது. நல்ல தொடக்கம். மொழிபெயர்ப்பு உரிமை விற்பனையிலேதான் தமிழ் ஏஜெண்டு பிழைக்க முடியும் என்பது நம் அபிப்பிராயம்.

இதற்கிடையில் ஏஜெண்டு என்ற பெயரோடு தரகர்களும் திரிகிறார்கள். அவர்களை அறிய ஒரே ஓர் உரைகல் போதும். பணம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். “உங்கள் நூலை நான் விற்றுத் தருகிறேன், வந்த பணத்தில் எனக்குப் பங்கு” என்பவன் பிரதிநிதி. “முதலில் நீங்கள் ஒரு தொகை கட்டுங்கள், பிறகு பார்க்கலாம்” என்பவன் உங்கள் ஆசையை விற்று உங்களிடமே பணம் வாங்குபவன். அச்சுக்கூலி வாங்கிக்கொண்டு தன்னைப் பிரசுரகர்த்தன் என்று சொல்லிக்கொள்பவனும் இந்த வகையே. அச்சுக்கூலி கொடுப்பதில் தவறில்லை. அதை அச்சுக்கூலி என்று அறிந்து கொடுக்க வேண்டும். திருத்துவோனுக்குக் கூலி கொடுப்பது மட்டும் இவற்றினின்று வேறு. அவன் வேலை செய்கிறான், கூலி பெறுகிறான். விற்பனைக்கு அவன் வாக்குறுதி கொடுப்பதில்லை.

கையெழுத்திடும் முன்

சட்ட விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1957-ஆம் வருஷத்து இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, நூலை எழுதிய மாத்திரத்திலேயே உரிமை ஆசிரியனுக்குப் பிறந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆசிரியன் ஆயுட்காலத்துக்குப் பிறகும் அறுபது வருஷங்கள் அவ்வுரிமை நிற்கும்.

உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்து மூலமாகவும் கையொப்பத்துடனும் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பிரதேசம், என்ன ராயல்டி என்பவற்றைப் பத்திரத்தில் குறிக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷமென்றும், பிரதேசம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டுமென்றும் சட்டம் கொள்ளும். வேறு விதமாக எழுதியிராவிட்டால், வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அவ்வுரிமையைப் பயன்படுத்தாத பட்சத்தில் அது ஆசிரியனிடமே திரும்பும். உரிமையை விற்றுவிட்ட பிறகும், ஐம்பத்தேழாவது பிரிவின்படி, நூலைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் கௌரவத்துக்குப் பங்கம் வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் ஆசிரியனுக்கு உரிமை உண்டு. திருத்துவோனுக்கு அஞ்சும் ஆசிரியன் இந்தப் பிரிவைத் தன் கவசமாகக் கொள்ளலாம்.

பொதுவாக ஆசிரியர்கள் ‘எல்லா உரிமைகளும்’ என்ற இரண்டு வார்த்தைகளைப் பாராமலே கையெழுத்திடுகிறார்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா என்று உரிமைகள் தனித்தனி. ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்றையும் கொடுக்க வேண்டும் என்பதில்லை. இசைத்தட்டு உரிமை தனியே போனதன் விளைவைப் பாரதியார் விஷயத்தில் கண்டோம்.

தானே வெளியிடுவோருக்கு மற்றொரு கடமையும் உண்டு. 1954-ஆம் வருஷத்துப் புத்தக ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான நூலின் பிரதியைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்கும், சட்டம் குறிக்கும் பிற நூலகங்களுக்கும் முப்பது நாளுக்குள் சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. அனுப்பினால் நஷ்டம் சில பிரதிகள். லாபம், நூறு வருஷங்களுக்குப் பிறகு ஒருவன் தேடி வந்தால் நூல் அங்கே இருக்கும். வேறெந்த ஏஜெண்டும் இவ்வளவு நெடுங்காலம் உழைக்க மாட்டான்.

செய்ய வேண்டியது

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. இயற்கையில் அது அழகு. புத்தகத்தில் அது ஆபத்து. ஆகவே தானே அச்சிடத் துணிந்த ஆசிரியர்களுக்கு நாம் சொல்லும் யோசனை இது: அட்டைப்படத்துக்கும் வெளியீட்டு விழாவுக்கும் ஒதுக்கும் தொகையில் பாதியைத் திருத்தத்துக்கு ஒதுக்குங்கள். முழு நூலையும் ஒப்படைக்கு முன் ஓர் அத்தியாயத்தைக் கொடுத்துப் பாருங்கள். திருத்தி வந்த பக்கத்தில் உங்கள் குரல் இன்னும் கேட்கிறதா என்று உரக்கப் படித்துப் பாருங்கள். கேட்டால் மிச்சத்தையும் கொடுங்கள். பிரதிநிதியைத் தேடி அலையு முன், அவன் எடுத்துச் சென்று காட்டத் தகுந்த நூலாக உங்கள் நூலை ஆக்குங்கள். எந்தப் பத்திரத்திலும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு மட்டும் யோசனை சொல்லி நிறுத்துவது நியாயமன்று. மயிலாப்பூரிலும், தியாகராய நகரிலும், அடையாறிலும் சபைகளுக்குக் குறைவில்லை. சங்கீதத்துக்கு ஒரு மாதம் முழுவதும் மேடை கொடுக்கும் இந்தப் பேட்டைகளில், அச்சுக்குப் போகு முன் ஒரு நூலைப் படித்துக் கேட்டு, தடை எழுப்பி, திருத்தம் சொல்லும் அவை ஒன்று மாதத்துக்கு ஒரு முறை கூடக் கூடாதா? வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்துவதற்கு வருவோர், கையெழுத்துப் பிரதியின் அரங்கேற்றத்துக்கும் வரட்டும். தொண்டர் சங்கங்கள் தம் முதியோரின் நினைவுகளை இவ்விதம் கேட்டுத் திருத்தி வெளியிட முன்வரட்டும். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1936-இல் மறைந்தார். அவருடைய சுயசரிதம் பத்து வருஷங்களுக்குப் பிறகு 1946-இல்தான் நூலாக வெளிவந்தது. கப்பலோட்டியவருக்கே அந்தக் கதி என்றால், பெயர் தெரியாத கிராமத் தொண்டன் எழுதி வைத்த நோட்டுப் புத்தகத்தின் கதி என்ன?

மாதவையா தம் இல்லத்தில் அச்சுக்கூடம் வைத்துத் தனியே நின்றார். செல்லப்பா தம் தோளில் மூட்டையைச் சுமந்து தனியே நடந்தார். அவர்கள் துணிவைப் புகழ்வது எளிது. இனி ஒருவனைத் தனியே நடக்க விடாமல் இருப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை.